மழைப்பக்கம்

குழிகிறதா, இல்லை சட்டை மடிப்பா. பெலிசிட்டா பிள்ளையின் ஸ்வெட்டரை மேலே சுருட்டினாள், உள்சட்டையையும் சுருட்டினாள், விலாவுக்குக் கீழே அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு இழுக்கும்போது அங்கே குழி விழுந்தால் நேரம் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வா என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குழி விழாதவரைக்கும் வெறும் இளைப்புதான், பயப்படாதே, மருந்தை நிறுத்தாதே, ஈரம் ஆகாது, ரூமை மாத்து. ரூமை மாத்து என்று, சோப்பை மாத்து என்கிற மாதிரி சொல்லிவிட்டார். இப்போது குழியவில்லை. குழியவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாமே குழிகிற மாதிரிதான் இருக்கிறது, தொண்டைக்குழி குழிகிறது, தொப்புள் குழிகிறது, கண்ணை எடுத்தால் அந்த நேரம் பார்த்து விலா குழிந்துவிடும், எடுக்காமலே இருந்தால் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு ஒன்றுமே தெரிவதில்லை. நெஞ்சுக்குள் இளைப்பு மட்டும் பூனைக்குட்டியாக விடாமல் கத்துகிறது. அனெட், ஏழு மாதம், வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். தூங்கட்டும். வெளியே வெயில் வந்திருக்கிறது, ஆனி பிறந்ததிலிருந்து முதல் வெயில், அது இந்த அறைக்கு வராது, இது வீட்டின் முதுகு, மேற்கே பார்த்த அறை, மழை நேராக வந்து முட்டுகிற அறை. வெயில் எல்லாம் கிழக்கே வாசலில் கொட்டிக் கிடக்கும். அங்கேதான் எல்லாரும் இருக்கிறார்கள். கல்லைக் கீழே வைக்கிற சத்தம் ஹாலைத் தாண்டி இங்கே வருகிறது, ஒன்று, அப்புறம் இன்னொன்று. கூடலூரிலிருந்து பெரோஸ் பாய் ஜீப்பில் சுவரில் ஒட்டுகிற மாதிரிக் கற்களைக் கொண்டுவந்து வாசற்படியில் பரப்புகிறார். அவருடைய குரலில் எப்போதும் ஒரு கல்யாண வீடு இருக்கும். "அம்மா, இதைப் பாருங்க, இது ராஜஸ்தான்லேருந்து வருது, இதை ஒட்டினீங்கன்னா உங்க வீட்டை ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்காம போகமாட்டான், போனான்னா அவனுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு." அத்தை சிரிக்கிறாள். அத்தை சிரிப்பது அபூர்வம். வீட்டுக்கு எலிவேஷன் போடப் போகிறார்கள்.

எலிவேஷன் என்று முதல்தடவை புருஷன் கிளாரன்ஸ் சொன்னபோது அவளுக்குக் குனியத்தான் தோன்றியது. திருச்சியில் கான்வென்ட் சாப்பலில் பூசையில் பாதர் அப்பத்தைத் தலைக்குமேல் உயர்த்துவார், மணி அடிக்கும், சிஸ்டர் ஜெனோவா பின் வரிசையிலிருந்து "எலிவேஷன், கேர்ள்ஸ்" என்று பல்லுக்குள் உறுமுவார், எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் குனியும். கல்யாணமாகி வந்த பிறகும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் கழுத்தில் ஏதோ நரம்பு இழுக்கும். இங்கே எலிவேஷன் என்றால் வீட்டின் மூஞ்சி. வேறு ஒன்றுமில்லை. உயர்த்துவது என்றால் ரோட்டுக்குக் காட்டுவது. எல்லாரும் குனிந்துதான் நிற்கவேண்டும் அதற்கும். மூத்தவர் சேவியர் குவைத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருகிறார், பெண் பார்க்கிறார்கள், பெண் வீட்டுக்காரர்கள் வந்து நின்றால் நாம் பேசக்கூடாதாம், வீடு பேசவேண்டுமாம். வீடு பேசட்டும். வீட்டின் முதுகு பேசினால் யார் கேட்பார்கள். அவள் சுவரைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் பார்த்தாள். ஞானஸ்நானத்துக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று கிளாரன்ஸ் ஆள் வைத்து உள்பக்கம் சுவருக்குப் பட்டி பூசி ரோஸ் பெயிண்ட் அடித்தான். வெளியில் மழை குடிக்கிற சுவருக்கு உள்ளே பெயிண்ட். ஜுரக்காரன் முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி. எல்லாரும் வந்தார்கள், ரூம் நல்லா இருக்கே என்றார்கள், பாப்பாவுக்கு மோதிரம் போட்டார்கள். அவர்கள் கிளம்பிப்போன அதே வாரம் மழை பிடித்தது, ரோஸ் கொப்புளம் கொப்புளமாகப் புடைத்தது, விரலால் தொட்டால் உள்ளே தண்ணீர் நகர்வது தெரியும், பிறகு உடைந்து தோல் தோலாக உரிந்தது, உரிந்த இடத்தில் பச்சையும் கறுப்புமாகப் பூசணம். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறாள். துடைத்தால் போகிறது, மறுநாள் காலையில் முந்தின நாளைவிட ஒரு விரற்கடை தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறது. கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டாயிற்று, இன்னும் இழுத்தால் கதவு திறக்காது. பினாயில் நெடிக்குத்தான் பிள்ளைக்கு இளைக்கிறது என்று அத்தை சொல்கிறாள். அதுவும் இருக்குமோ. அதுவும் இருக்கும். துடைத்தாலும் தப்பு, துடைக்காவிட்டாலும் தப்பு. சுவர் இருக்கிற வரைக்கும் அவள் எது செய்தாலும் தப்பு.

தகரம் என்று சொன்னது அவள்தான். சொல்லியிருக்கக்கூடாது, சொன்ன விதமாவது வேறாக இருந்திருக்கலாம், ஆனால் அவளுக்கு அப்போது தெரியாது, சமவெளிக்காரி, மழை என்றால் மேலிருந்து விழுவது என்றுதான் தெரியும், இங்கே அது பக்கத்திலிருந்து வருகிறது, காற்று பிடித்துக்கொண்டு வந்து ஆணி அடிக்கிற மாதிரி அடிக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்தாள், பாதி வீடுகளுக்கு மழைப்பக்கச் சுவரில் மேலிருந்து கீழே வரை தகரம் அடித்திருந்தார்கள், சிலதுக்குப் பெயிண்ட் அடித்து, சிலது துருப்பிடித்து. எவ்வளவு சுலபம். சட்டம் வைத்து, தகரத்தை ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல ஆணி அடித்தால் தண்ணீர் வழிந்து போய்விடும், சுவர் காய்ந்து கிடக்கும். ராத்திரிச் சாப்பாட்டில் சந்தோஷமாகச் சொன்னாள், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை கை தூக்குகிற மாதிரி. "நம்ம பின்பக்கச் சுவருக்கும் தகரம் அடிச்சிட்டா என்ன அத்தை, இங்க எல்லாரும் அடிச்சிருக்காங்களே." கிளாரன்ஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும்னா யாரு?" அவ்வளவுதான் கேட்டாள் முதலில். பிறகு, "தகரம் அடிக்கிறது எஸ்டேட்டுல கூலிக்காரங்க இருக்கிற லயத்துக்கு. அந்த லயத்தை விட்டு வெளியே வரத்தான் உன் மாமா முதுகு ஒடிஞ்சு செத்தார். கல்லுல வீடு கட்டி வெச்சிட்டுப் போயிருக்கார். நீ கான்வென்ட்டுல படிச்சிட்டு வந்து அதைத் திரும்ப லயமாக்குங்கிற." கிளாரன்ஸ் பார்த்துக்கலாம் என்றான். அவனுக்கு எல்லாமே பார்த்துக்கலாம். ரூமாவது மாத்தலாமே, முன்னால் மூத்தவர் ரூம் பூட்டித்தானே கிடக்கிறது, காய்ந்த ரூம், காலை வெயில் விழுகிற ரூம், புதுக் கட்டிலுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை என்றால், அண்ணன் வந்து பார்த்தால் என்ன நினைப்பார் என்றான். அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் வந்து நினைப்பார். அதுவரைக்கும் அந்தக் கட்டிலில் வெயில் படுத்துக்கொள்ளும்.

அத்தையை வெறுத்துவிட்டால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். முடியவில்லையே. மறுநாள் அரிசி களைந்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், குழாய்க்குச் சொல்கிற மாதிரி அத்தை சொன்னாள், "சேவியருக்கு அடுத்து ஒண்ணு இருந்துச்சு. லயத்துல. இதே இளைப்புதான். மழைன்னா மழை, ராத்திரி பூரா தகரத்துல அடிக்குது, காதுல வேற ஒண்ணும் விழல. பக்கத்துலதான் போட்டிருந்தேன். மூச்சு விடுறது கேக்கல. விடிஞ்சு மழை நின்னப்பதான், என்னடா சத்தமே இல்லியேன்னு பாத்தேன்." கழுநீரைக் கொட்டினாள். "தகரம் வேணாம்மா இந்த வீட்டுக்கு." அம்மா என்று அவளைக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். பெலிசிட்டாவுக்கு அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது, அந்தப் பிள்ளைக்காகவா, தன் பிள்ளைக்காகவா, இல்லை இனிமேல் தகரம் என்ற வார்த்தையை இந்த வீட்டில் எடுக்கவே முடியாது என்பதற்காகவா. தகரம் என்ன செய்தது அத்தை, சத்தம்தானே போட்டது. கொன்றது ஈரமாக இருக்கும், புகையாக இருக்கும், டாக்டர் இல்லாத எஸ்டேட்டாக இருக்கும், தகரம் பாவம் மழையைத் தடுத்துக்கொண்டு நின்றது, அதன்மேல் பழி. இதை எப்படிச் சொல்வது, எந்த வாயால் சொல்வது, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் நீங்கள் தப்பான ஆளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்றா. அன்றிலிருந்து அவளுக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது. கேட்பது. மிக்ஸி ஓடினால் ஓடி வந்து பார்ப்பாள். பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டு நிற்பாள். குளிக்கப் போனால் தண்ணீரைச் சத்தமில்லாமல் ஊற்றிக்கொள்வாள். இப்போதும் அந்த மாதிரிக் கல் ஒவ்வொன்றாக விழும்போது நடுவில் கிடைக்கிற இடைவெளியில் பூனைக்குட்டி கத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கத்துகிறது. கத்தட்டும். கத்து கண்ணே.

திருச்சியிலிருந்து அம்மா போன் பண்ணினால், அவங்க வீட்டுல உன்னை நல்லா வெச்சிருக்காங்கல்ல என்பாள். நல்லா வெச்சிருக்காங்க. வைத்த இடத்தில் பூசணம் பிடிக்கிறது, அது அவர்கள் தப்பில்லை, வைத்தால் பிடிக்கத்தானே செய்யும். ஹாஸ்டலில் திங்கட்கிழமை அசெம்பிளிக்குப் பெண்கள் சட்டையின் காலரை மட்டும் இஸ்திரி போடுவார்கள், காலரையும் கையையும், மேலே பினஃபோர் மறைத்துவிடும், உள்ளே சட்டை எலி கடித்த காகிதம் மாதிரிக் கசங்கிக் கிடக்கும். சிஸ்டர் ஜெனோவா வரிசையாக வந்து காலரைப் பார்த்து, குட், குட் என்று சொல்லிக்கொண்டே போவார். எவ்வளவு சிரித்தார்கள். அதைத்தான் படித்தாள் பன்னிரண்டு வருஷமும். பெலிசிட்டா என்றால் லத்தீனில் சந்தோஷம் என்று சொன்னதும் அதே சிஸ்டர்தான், புனிதை பேரு, சிங்கத்துக்கு முன்னாடி நின்னவ, நீ ஏன் பல்லிக்குப் பயப்படுறே. இங்கே யாருக்கும் அந்த ஐந்து எழுத்து வாயில் நுழையவில்லை. பெலி என்கிறார்கள். பெலி, காபி போடு. பெலி, பாப்பா அழறா பார். பலி கொடுப்பதைப் பெலி கொடுக்கிறது என்று கிராமத்துப் பக்கம் சொல்வார்களே, ஆட்டை. முதல் மாதம் திடுக்கிட்டாள். இப்போது திரும்பிப் பார்க்கிறாள், ஆடும் அப்படித்தானே, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தழை கொடுக்கிறார்கள் என்று வரும்.

"பெலி!" கிளாரன்ஸின் குரல். "கொஞ்சம் வாயேன், அம்மா கூப்பிடுறாங்க." போகக்கூடாது. பாப்பா விழித்துக்கொள்வாள் என்று சொல்லலாம். "அட, அவ வந்து சொல்லட்டும்டா, படிச்ச பிள்ளை, கலர் அவளுக்குத்தான் தெரியும்" என்று அத்தை சொல்வது கேட்டது, அந்தச் சொல்லில் கிண்டல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள், இல்லை. இல்லாததுதான் அவளை எழுப்பியது. தலையணையை இரண்டு பக்கமும் அணை கொடுத்தாள், விலாவை இன்னொருதரம் பார்த்தாள், குழியவில்லை, ஹாலைக் கடந்து வாசலுக்குப் போனாள். வெயில். அடித்து விழ வைக்கிற வெயில். கண் கூச நின்றாள், தோளில், உச்சந்தலையில், கழுத்துக்குப் பின்னால் வெயில் கை வைத்தது, இதெல்லாம் இங்கே தினமும் இருந்ததா என்ன. படியில் கற்கள் வரிசையாக இருந்தன. தேன் நிறத்தில் ஒன்று, சாம்பலில் ஒன்று, செங்கல் மாதிரி ஒன்று, கறுப்பில் வெள்ளி மினுக்கம் ஓடுகிற ஒன்று. "வாங்கம்மா, ஜட்ஜம்மா வந்தாச்சு, இனி வக்கீலுங்க வாயை மூடலாம்" என்றார் பெரோஸ் பாய். "இதுல எது மழைக்கு நிக்கும் பாய்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். "எல்லாமே நிக்கும்மா. ஆனா இந்தப் பக்கம் மழை எங்கே வருது? கிழக்கே பாத்த வீடு, முன்னாடி சாரல்கூட அடிக்காது. பின்பக்கத்துக்கும் சேத்து வேணும்னா சொல்லுங்க, ஒரே லோடுல இறக்கிடலாம்." அவள் கிளாரன்ஸைப் பார்த்தாள். கிளாரன்ஸ் கேட்டைப் பார்த்தான். "பின்பக்கம் யாரு பாக்கப் போறா" என்றாள் அத்தை, கோபமே இல்லாமல், சாயங்காலம் என்ன குழம்பு என்கிற குரலில். "நீ கலர் சொல்லும்மா." அம்மா. இரண்டாவது தடவை.

அவள் தேன் நிறக் கல்லைக் கையில் எடுத்தாள். சொரசொரப்பாக, சூடாக இருந்தது. இதைத் தனியாக ஒட்டினால் பிஸ்கட் மாதிரி இருக்கும், கேட் பச்சை, கொஞ்சம் அடக்கமாக வேண்டும், சாம்பலை நடுவில் கோடாக விட்டால், ஜன்னலுக்கு மேலே மட்டும். சொன்னாள். "அட!" என்றார் பெரோஸ் பாய், "இதைத்தாங்க நான் காலையிலேருந்து வாயால சொல்லத் தெரியாம நிக்கிறேன்." சாம்பலையும் தேனையும் சுவரில் பிடித்துக் காட்டச் சொன்னாள், கிளாரன்ஸ் பிடித்தான், இன்னும் மேலே, இல்லை, இன்னும் கொஞ்சம் இடது, நீ தள்ளி நில்லு உன் நிழல் விழுது, அவன் ஒரு கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு "இப்படியா?" என்றான், அவள் சிரித்துவிட்டாள், அத்தையும் சிரித்தாள், அத்தைக்கு முன்பல் இரண்டும் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். மினுக்கக் கல் வேண்டவே வேண்டாம் என்றாள், நகைக்கடை மாதிரி இருக்கும். சாயங்காலம் லைட் போட்டால் தேன் நிறம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். வீடு கண்ணுக்குள் எழும்பி நின்றது, அழகாக இருந்தது, தன் வீடு என்று முதல்தடவையாகத் தோன்றியது, சுவரின் மேல்விளிம்புக்கு என்ன செய்யலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது எதிரில் டீ பாக்டரிக்குப் போகிற லாரி ஏற்றத்தில் திணறிக்கொண்டு ஏறியது, அது ஏறி முடித்துப் போன பிறகு ஓர் அமைதி விழுந்தது, அந்த அமைதியில் அவள் எதையோ தேடினாள். என்ன தேடுகிறேன். பூனை. எவ்வளவு நேரமாயிற்று. கேட்கவே இல்லை. லாரிக்கு முன்னாலும் கேட்கவில்லை, கேட்க மறந்தே போனாள், கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

ஹாலில் சோபா காலில் இடித்துக்கொண்டது தெரியவில்லை. ஸ்வெட்டரைச் சுருட்டினாள். சட்டை மாட்டிக்கொள்கிறது. குழியவில்லை. மூச்சு இருக்கிறது, கிர்ரென்று, சூடாக, மணிக்கட்டில் படுகிறது. அனெட் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, யார் நீ என்பதுபோல யோசித்து, பிறகு சிரித்தாள். சிரிக்காதே. என்னைப் பார்த்துச் சிரிக்காதே இப்போது. வாரி எடுத்தாள். முதுகில் கை வைத்தபோது ஸ்வெட்டர் ஜில்லென்று இருந்தது. மூத்திரமா என்று பார்த்தாள், இல்லை, நாப்கின் காய்ந்திருந்தது. பிள்ளை படுத்திருந்த இடத்தில் கை வைத்தாள். விரிப்பு, அதற்கடியில் ரப்பர் ஷீட், அதற்கடியில் இன்னொரு விரிப்பு, எல்லாம் தினமும் மாற்றுவது, துவைத்து அடுப்பங்கரையில் காயவைப்பது. எல்லாவற்றையும் உருவிப் போட்டாள். மெத்தையின் மேல்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது, அப்பா திருச்சியிலிருந்து பஸ் மேலே போட்டு அனுப்பிய இலவம்பஞ்சு மெத்தை, பூப்போட்ட உறை. ஒரு கையில் பிள்ளையை இடுக்கிக்கொண்டு மறு கையால் மூலையைத் தூக்கினாள். தூக்க வரவில்லை. இவ்வளவு கனமாகவா இருந்தது. பல்லைக் கடித்து இன்னொருதரம் தூக்கிப் புரட்டினாள். அடிப்பக்கம் முழுவதும் கறுப்பு. ஓரத்தில் பச்சை, நடுவில் கறுப்பு, பூ இருந்ததே தெரியவில்லை, பிள்ளை படுக்கிற இடத்துக்கு நேர் கீழே ரோமம் முளைத்த மாதிரி அடர்த்தியாக இருந்தது. சுவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள் இத்தனை நாளும். சுவரைத் துடைத்தாள், சுவரைத் திட்டினாள், ஒவ்வொரு ராத்திரியும் புது விரிப்பை இழுத்து மூலை மடித்து, சுருக்கமில்லாமல் நீவி, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினாள்.

பிள்ளையைக் கொண்டுபோய் ஹால் சோபாவில், லேஸ் துணியின் மேலேயே கிடத்தினாள். திரும்பி வந்து மெத்தையின் இரண்டு முனையையும் பிடித்து இழுத்தாள். கட்டிலிலிருந்து அது தொப்பென்று விழுந்தது, செத்த மாடு மாதிரி. இழுத்தாள். கதவில் மாட்டிக்கொண்டது, முட்டியால் இடித்துத் தள்ளினாள். பாலிஷ் போட்ட தரையில் கறுப்பாக ஒரு கோடு அவளுக்குப் பின்னாலேயே வந்தது. பயமாக இருந்தது. இவர்கள் என்ன சொல்வார்கள், கிளாரன்ஸ் இனிமேல் முகம் கொடுத்துப் பேசுவானா, அம்மாவுக்குப் போன் போகுமா, பயந்துகொண்டேதான் இழுத்தாள், பயம் போனால் இழுக்கலாம் என்று காத்திருந்தால் பயம் போகாது. வாசலில் மூன்று பேரும் திரும்பினார்கள். "என்ன பெலி இது, ஆள் வந்திருக்காங்க" என்றான் கிளாரன்ஸ். படியில் பரப்பியிருந்த கற்களை மெத்தை இடித்துக்கொண்டு வந்தது, பெரோஸ் பாய் அவசரமாகக் குனிந்து மினுக்கக் கல்லை மட்டும் காப்பாற்றினார். முன்பக்கக் குட்டைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து, அடியில் தோளைக் கொடுத்து ஏற்றினாள். ஒருவரும் கை கொடுக்கவில்லை, ஒருவரும் தடுக்கவும் இல்லை. சுவரின்மேல் மடித்துப் போட்டபோது வெள்ளைப் பக்கம் வெளியே வந்தது. கீழே இறக்கினாள். புரட்டினாள். மறுபடி ஏற்றிப் போட்டாள். கறுப்பு ரோட்டைப் பார்த்து விரிந்து தொங்கியது. அத்தை அதைப் பார்த்தாள். உதடு அசைந்தது, ஆனால் வந்தது வேறு வார்த்தை.

"மெத்தையைப் பின்னாடி கொண்டுபோய்ப் போடும்மா. ரோட்டுல போறவங்க பாப்பாங்க."

கோழிக்கோடு பஸ் வளைவில் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலோரத்து முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

"வெயில் முன்னாடிதானே வருது அத்தை" என்றாள் பெலிசிட்டா.